அமெரிக்க விடுதலைப் போர்: படகைக் கணக்கிட்ட தளபதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 2026-இல் 250 ஆண்டுகள் நிறைவதையொட்டித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் இருக்கிறது. பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆறு, படகில் நிமிர்ந்து நிற்கும் ஜார்ஜ் வாஷிங்டன். பிறகு "சாதாரண விவசாயிகள் துப்பாக்கி ஏந்திப் பேரரசை வீழ்த்தினார்கள்" என்று ஒரு வரி. அடுத்த பத்தியில் பிரிட்டிஷார் சரணடைந்த யார்க்டவுன் வந்துவிடுகிறது. 1776 டிசம்பருக்கும் 1781 அக்டோபருக்கும் நடுவே கிடக்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. குறிப்பாகக் கரோலினாக்களில் நடந்த தெற்குப் போரும், அதை நடத்திய நத்தேனியல் கிரீனின் பெயரும் விடுபட்டுப் போகின்றன. இது சிறிய விடுபடல் இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டெலவேரிலிருந்தே தொடங்கலாம். 1776 டிசம்பர் 25 இரவு அந்த ஆற்றைக் கடக்கத் துணிச்சல் வேண்டியிருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கடக்க முடிந்ததற்குக் காரணம் அந்த இரவுக்கு முன்பே செய்த வேலை. பின்வாங்கி வந்தபோதே, ஆற்றின் மேலும் கீழும் பல மைல் தூரத்துக்குக் கிடைத்த படகுகளை எல்லாம் வாஷிங்டன் பென்சில்வேனியாக் கரைக்கு இழுத்துக் கட்டிவிட்டார். துரத்தி வந்த பிரிட்டிஷார் ஓடம் இல்லாமல் எதிர்க்கரையில் நின்றார்கள். கடக்கப் பெரும்பாலும் பயன்பட்டவை டர்ஹாம் படகுகள். இரும்பு ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட நீளமான படகுகள் அவை. முழுச் சுமையிலும் நீரில் அதிகம் அமிழாது. துடுப்புப் பிடித்தவர்கள் ஜான் குளோவரின் கீழிருந்த மார்பிள்ஹெட் ஊர் மீனவர்கள். 2,400 வீரர்களும் 18 பீரங்கிகளும் கரை சேர்ந்தன. அதே இரவில் கீழே வேறு இடங்களில் கடந்து வர வேண்டிய இரண்டு பிரிவுகள் பனிக்கட்டியால் திட்டப்படி வந்து சேரவில்லை. மறுநாள் டிரென்டன் சண்டையில் ஒரு பிரிவை நடத்திச் சென்றவர் கிரீன்.

கிரீன் பிறவித் தளபதி கிடையாது. 1742-இல் ரோட் ஐலண்டில், போரையே பாவம் என்று கருதும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். நங்கூரம் அடிக்கும் இரும்புப் பட்டறை குடும்பத் தொழில். கால் சற்று விந்தும், ஆஸ்துமா உண்டு. போர்க்கலை கற்றது புத்தகங்களிலிருந்து. முதல் பெரிய முடிவிலேயே மோசமாகத் தவறினார். 1776 நவம்பரில் நியூயார்க்கின் வாஷிங்டன் கோட்டையைக் காப்பாற்றிவிடலாம் என்று வற்புறுத்தியவர் அவர்தான். கோட்டை விழுந்து 2,800-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். வாஷிங்டன் அவரைத் தூக்கி எறியவில்லை. வாஷிங்டனின் தலைமையில் மிகவும் மதிக்கத்தக்கது இதுதான் என்பது என் எண்ணம்.

1778 மார்ச்சில் வேலி ஃபோர்ஜ் முகாமில் கிரீனைக் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் பதவியில் அமர்த்தினார்கள். வண்டி, குதிரை, கூடாரம், கருவி, பாதை, முகாம் இடம் எல்லாம் அந்தப் பொறுப்பில் அடங்கும். கிரீனுக்கு அதில் விருப்பமே இல்லை. அந்தப் பதவியில் புகழ் பெற்றவர் யாருமில்லை என்று மனம் வெதும்பினார். ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் அதைச் செய்தார். ஒரு படை நாளைக்கு எத்தனை மைல் நடக்கும், அதற்கு எத்தனை வண்டி வேண்டும், மழை பெய்தால் எந்தச் சாலை சேறாகும் என்ற கணக்கெல்லாம் அங்கேதான் அவர் கையில் படிந்தது.

1780-இல் தெற்கு முழுதும் கைவிட்டுப் போயிருந்தது. மே 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கத் தளபதி பெஞ்சமின் லிங்கன் சுமார் 5,000 பேருடன் சரணடைந்தார். அடுத்து வந்த தளபதி ஹொரேஷியோ கேட்ஸ், ஆகஸ்ட் 16 அன்று கேம்டனில் நொறுங்கினார். அந்தத் தோல்வி நுணுகிப் படிக்க வேண்டியது. தன்னிடம் 7,000 பேர் இருப்பதாக எண்ணி கேட்ஸ் இரவுப் பயணத்துக்கு ஆணை எழுதினார். கர்னல் ஓதோ வில்லியம்ஸ் பிரிவு பிரிவாக எண்ணிப் பார்த்து, சண்டைக்குத் தகுதியானவர் 3,052 பேர்தான் என்று எடுத்துக் காட்டினார். நம் காரியத்துக்கு அது போதும் என்றார் கேட்ஸ். அன்று மாலை வீரர்களுக்கு ரம் இல்லாததால் மொலாசஸ் பாகை ஊற்றினார்கள். அரைவேக்காட்டு இறைச்சியோடு அது சேர்ந்து வயிற்றைக் கலக்க, இரவெல்லாம் ஆட்கள் வரிசையை விட்டுப் புதருக்கு ஓடினார்கள். விடிந்ததும் பிரிட்டிஷாரின் மிகச் சிறந்த படைக்கு நேர் எதிரே கேட்ஸ் நிறுத்தியது பயிற்சியற்ற ஊர்ப்படையை. அவர்கள் பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனையில் செருகிய கத்தியைக் கண்டதும் ஓடினர். கேட்ஸும் குதிரையில் அன்றிரவே 60 மைல் தள்ளி ஷார்லட் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஷார்லட்டில்தான் 1780 டிசம்பர் 2 அன்று கிரீன் வந்து இறங்கினார். ஏட்டில் சுமார் 2,300 பேர். நேரில் இருந்தவர் 1,500-க்கும் குறைவு. உடுப்பும் ஆயுதமும் ஒழுங்காக உள்ளவர் ஏறக்குறைய 800. கையிருப்பு உணவு மூன்று நாளைக்கு. வில்லியம் டேவி என்ற குதிரைப்படை அதிகாரியை உணவு வழங்கலுக்குப் பொறுப்பேற்கச் சொன்னார். பணமும் கணக்கும் எனக்கு ஒன்றும் தெரியாதே என்று டேவி தயங்கினார். பணமே இல்லை, ஆகவே கணக்கும் இருக்காது, கவலைப்படாதீர்கள் என்று கிரீன் தேற்றினார்.

அவர் செய்த முதல் உருப்படியான வேலை ஆறுகளை அளக்க ஆள் அனுப்பியது. கட்டாவ்பா ஆற்றுக்குப் போலந்து நாட்டுப் பொறியாளர் கொஷ்சியுஷ்கோ, யாட்கினுக்கு எட்வர்ட் ஸ்டீவன்ஸ், டான் ஆற்றுக்கு எட்வர்ட் கேரிங்டன். ஆழம் என்ன, நீரோட்டம் எப்படி, எந்தத் துறையில் இறங்கலாம், எங்கே பாறை, எங்கே எத்தனை படகு கிடைக்கும் என்று எழுதி வரச் சொன்னார். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்படி தட்டை அடிப் படகுகளைக் கட்டவும் ஆணையிட்டார். கரோலினாவின் உள்நாட்டில் ஆறுகள் எல்லாம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகின்றன. தெற்கிலிருந்து வடக்கே போகும் எந்தப் படையும் ஒவ்வொன்றாகத் தாண்டியே ஆக வேண்டும். குளிர்கால மழையில் சில மணி நேரத்தில் துறை மூழ்கிவிடும். ஓரிரு நாளில் வடிந்தும்விடும். படகு உள்ளவனுக்கு அது மதில், இல்லாதவனுக்கு அது சிறை. பின்வாங்க நேரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கான வழியைச் சண்டைக்கு முன்பே அமைத்த தளபதிகள் மிகக் குறைவு.

இரண்டாவது முடிவு எல்லாப் பாடநூல் விதிகளுக்கும் மாறானது. பலம் மிக்க எதிரியின் முன்னால் தன் சிறு படையை இரண்டாகப் பிரித்தார். தன் கீழிருந்த தளபதி டேனியல் மோர்கனிடம் சுமார் 600 பேரைக் கொடுத்து மேற்கே அனுப்பினார். தான் எஞ்சியவர்களுடன் கிழக்கே பீ டீ ஆற்றங்கரைக்கு, செரா என்ற இடத்துக்கு நகர்ந்தார். இடைவெளி சுமார் 140 மைல். முதல் காரணம் சோறு. ஷார்லட் சுற்றுவட்டாரம் இரு படைகளாலும் சுரண்டப்பட்டுவிட்டது. ஒரே இடத்தில் எல்லாரும் இருந்தால் பட்டினிதான். அடுத்தது தெற்கிலிருந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸைத் திணற வைப்பது. வின்ஸ்பரோவில் இருந்த அவர் மோர்கனைத் துரத்தினால் சார்ல்ஸ்டன் பக்கம் கிரீனுக்குத் திறந்துகொள்ளும். கிரீனை நோக்கி வந்தால் மேற்கிலுள்ள நைன்டி சிக்ஸ், ஆகஸ்டா என்ற பிரிட்டிஷ் தளங்கள் மோர்கனுக்கு எதிரே அம்மணமாக நிற்கும். காரன்வாலிஸும் தன் படையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. தன் குதிரைப்படை அதிகாரி டார்ல்டனை மோர்கன்மேல் ஏவினார்.

1781 ஜனவரி 17, கௌபென்ஸ் மேய்ச்சல் வெளி. இரு பக்கமும் ஏறத்தாழ ஆயிரம் ஆயிரம் பேர். மோர்கன் ஊர்ப்படையின் இயல்பை அறிந்தவர். அவர்கள் கையிலிருந்த ரைஃபிள் தொலைவில் குறி தப்பாது, ஆனால் மறுபடி மருந்திட்டுக் குண்டு இடிக்க, படைவீரர் வழக்கமாக ஏந்தும் மஸ்கட் துப்பாக்கியைவிட நேரமாகும்; பயனெட்டும் பொருத்த முடியாது. அந்த ஆட்களை நின்று கைகலக்கச் சொல்வது வீண். முன்வரிசையில் குறிபார்த்துச் சுடுபவர் 150 பேர், அவர்களுக்குச் சுமார் 150 கஜம் பின்னால் பிக்கன்ஸின் ஊர்ப்படை, அதற்கும் அவ்வளவு தூரம் பின்னால் சிறு மேட்டில் ஜான் ஹோவர்டின் நிரந்தரப் படை, மேட்டுக்குப் பின்னே மறைவில் குதிரைகள். முந்தின இரவு நெருப்பு நெருப்பாகப் போய் உட்கார்ந்து மோர்கன் சொன்னது இவ்வளவுதான்: அதிகாரிகளைக் குறிவைத்து இரண்டு மூன்று முறை சுடுங்கள், பிறகு இடப்பக்கமாகப் பின்னே வந்துவிடுங்கள். ஓடுவதற்கே அனுமதி கொடுத்ததால் அவர்கள் சுடும்வரை நின்றார்கள்.

சண்டையின் நடுவே ஒரு பிழை நேர்ந்தது. வலப்பக்கக் கம்பெனியைத் திரும்பி நிற்கச் சொன்ன ஹோவர்டின் ஆணை தவறாகக் கேட்டு, வரிசை முழுவதும் பின்னோக்கி நடக்கத் தொடங்கியது. எதிரி ஓடுகிறான் என்று பிரிட்டிஷார் அணி குலைந்து பாய்ந்தார்கள். மோர்கன் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட, வரிசை திரும்பி மிக அருகிலிருந்து சுட்டுப் பயனெட்டுடன் பாய்ந்தது. குதிரைப்படை பின்புறம் வளைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 110 பேர் இறந்தனர், 500-க்கு மேல் பிடிபட்டனர். அதிகாலை 3 மணியிலிருந்து வெறும் வயிற்றில் நடத்தி வந்த ஆட்களை ஓய்வின்றிச் சண்டையில் இறக்கியது டார்ல்டன் செய்த தவறு.

காரன்வாலிஸ் முட்டாள் இல்லை. வேகமாக ஓடக்கூடிய தன் இலகுப்படை கௌபென்ஸில் அழிந்துவிட்டதால், மிச்சமுள்ள முழுப் படையையும் இலகுவாக்க முடிவு செய்தார். ஜனவரி 25 அன்று ராம்சர் மில் என்ற இடத்தில் சாமான் வண்டிகளைக் கொளுத்தினார்; முதலில் எரிந்தது அவருடைய சொந்தப் பெட்டிகள். வெடிமருந்து, உப்பு, மருந்து ஏற்றிய வண்டிகளும் நோயாளிகளுக்கு நான்கு வண்டிகளும் மட்டும் மிஞ்சின. கூடாரம் போயிற்று, ரம் பீப்பாய்கள் உடைந்தன, மாற்றுச் செருப்பு இல்லை. தளத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, நட்டநடுக் குளிர்காலத்தில், சுமார் 2,500 பேரை இப்படி நடத்தினார். செய்தி கேட்டதும் கிரீனுக்குப் புரிந்துவிட்டது: இனி இந்த மனிதரை எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பிப்ரவரி 1 அன்று கட்டாவ்பாவை மார்பளவு வெள்ளத்தில் காரன்வாலிஸ் தாண்டினார். யாட்கினை அடைந்தபோது ஆறு பெருகியிருந்தது. படகுகள் எல்லாம் மோர்கனுடன் அக்கரையில். கடைசி ஆறு டான். அதன் மேல்பகுதியில் நடந்தே கடக்கும் துறைகள் உண்டு, கீழ்ப்பகுதியில் படகுதான். 700 பேரை ஓதோ வில்லியம்ஸிடம் கொடுத்து மேல்துறைகளை நோக்கிப் போவதுபோல் காட்டச் சொன்னார் கிரீன். தானோ கேரிங்டன் படகு சேர்த்து வைத்திருந்த இர்வின், பாய்ட் துறைகளுக்கு விரைந்தார். இரவில் உறைந்து கத்தி போலாகும் செம்மண் சாலை பகலில் உருகிச் சக்கரத்தை விழுங்கும். வில்லியம்ஸின் ஆட்களுக்கு நாளுக்கு ஒரு வேளைச் சோறு, 48 மணி நேரத்தில் 6 மணி நேரத் தூக்கம். முன்னே போன படை நடந்த பாதையில் ரத்தத் தடம். பிப்ரவரி 14 அன்று கடைசிப் பிரிவும் அக்கரை சேர்ந்தது. குதிரைகள் நீந்திக் கடந்தன. மறுநாள் வந்த காரன்வாலிஸுக்கு முன்னால் பெருகிய ஆறு, ஒரு படகு இல்லை. வட கரோலினா முழுவதையும் பிடித்துவிட்டார்; அங்கே அவரால் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 15, கில்ஃபோர்டு நீதிமன்ற வளாகம். கிரீனிடம் சுமார் 4,400 பேர், காரன்வாலிஸிடம் ஏறத்தாழ 2,000. மோர்கனின் மூன்று வரிசை முறையைக் கிரீன் பின்பற்றினார், ஆனால் அது சரியாகப் பொருந்தவில்லை. வரிசைகளுக்கு நடுவே 300 கஜம், அதற்கும் மேல் இடைவெளி விட்டார். இடையே அடர்ந்த காடு. முன்வரிசை என்ன ஆயிற்று என்று பின்வரிசைக்குத் தெரியாது, உதவவும் முடியாது. தனியே வைத்த சேமப்படையும் இல்லை. மாலையில் களத்தை விட்டது கிரீன்தான். ஆனால் பிரிட்டிஷ் இழப்பு 532, அதாவது நான்கில் ஒருவர். இரண்டு நாளாக ரொட்டி காணாத ஆட்கள் இரவு மழையில் காயத்தோடு கிடந்தார்கள். பலர் விடியுமுன் இறந்தனர். நகர முடியாத சுமார் 70 பேரை நியூ கார்டன் குவேக்கர் வழிபாட்டு மனையில் விட்டுவிட்டுக் காரன்வாலிஸ் கடற்கரைக்குத் திரும்பினார். இன்னொரு வெற்றி இப்படிக் கிடைத்தால் படையே அழியும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சார்லஸ் ஃபாக்ஸ் பேசியது இதைப் பற்றித்தான்.

பிறகு காரன்வாலிஸ் வடக்கே வர்ஜீனியாவுக்குப் போனார். கிரீன் அவரைத் தொடராமல் தெற்கே திரும்பினார். இதைத்தான் இந்தப் போரின் தலைசிறந்த முடிவு என்று கருதுகிறேன். எதிரியின் படையை விட்டுவிட்டு, நாட்டைப் பிடியில் வைத்திருக்க எதிரி நிறுத்தியிருந்த சிறு கோட்டைகளைக் குறிவைத்தார். உள்ளூர் ஊர்ப்படைத் தலைவர் மேரியனும் குதிரைப்படை அதிகாரி ஹென்றி லீயும் வாட்சன் கோட்டையை முற்றுகையிட்டபோது அவர்களிடம் பீரங்கி இல்லை. ஹெசகையா மஹாம் என்ற அதிகாரி ஒரு வழி சொன்னார். மரங்களை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று பூட்டும்படி முனைகளில் வெட்டு வைத்து, ஒரே இரவில் கோட்டை மதிலைவிட உயரமாகக் கோபுரம் எழுப்பினார்கள். விடியலில் ரைஃபிள்காரர்கள் மேலிருந்து சுட்டதும் உள்ளே ஒருவரும் தலை நீட்ட முடியவில்லை. ஏப்ரல் 23 அன்று கோட்டை பணிந்தது, சார்ல்ஸ்டனுக்கும் கேம்டனுக்கும் நடுவே வழங்கல் பாதை அறுந்தது.

இரண்டு நாள் கழித்து ஹாப்கர்க் குன்றில் கிரீன் தோற்றார். கர்னல் கன்பியின் மேரிலாந்துப் பிரிவில் ஒரு கேப்டன் குண்டடிபட்டு விழ, அந்தக் கம்பெனி தடுமாறி நின்றது. வரிசையைச் சீர்செய்ய எல்லாரையும் அடிவாரத்துக்குப் பின்வாங்கச் சொன்னார் கன்பி. அது தோல்வி என்று பட்டு அடுத்தடுத்த பிரிவுகளும் கலைந்தன. கௌபென்ஸில் தவறாகக் கேட்ட பின்வாங்கல் வெற்றியானது. இங்கே வேண்டுமென்றே சொன்ன பின்வாங்கல் படையைக் கலைத்தது. கௌபென்ஸில் பின்னே வருவது திட்டத்தின் ஒரு பங்கு என்று முந்தின இரவே எல்லாருக்கும் தெரியும். ஹாப்கர்க்கில் அது யாருக்கும் தெரியாது. ஆனாலும் வழங்கல் பாதை அறுந்துவிட்டதால், வென்ற பிரிட்டிஷ் தளபதி ராவ்டனே மே 10 அன்று கேம்டனைக் காலிசெய்தார். சண்டையிடுகிறோம், தோற்கிறோம், எழுகிறோம், மறுபடி சண்டையிடுகிறோம் என்று பிரெஞ்சுத் தூதருக்குக் கிரீன் எழுதியது ஹாப்கர்க்கில் தோற்ற அந்த வாரத்தில்.

நைன்டி சிக்ஸ் முற்றுகை அவருடைய குறைகளில் ஒன்று. நட்சத்திர வடிவக் கோட்டையிலிருந்து வெறும் 70 கஜத்தில் அகழி தோண்டத் தொடங்கினார்கள். உள்ளிருந்தவர்கள் பாய்ந்து வந்து தோண்டியவர்களை வெட்டி, கருவிகளையும் பறித்துச் சென்றார்கள். குண்டு எட்டாத தூரத்திலிருந்து வளைந்து வளைந்து நெருங்க வேண்டும் என்பது முற்றுகையின் அரிச்சுவடி. சுமார் 400 கஜத்துக்குப் போய் மறுபடி தொடங்கினார்கள். இழந்த நாட்களைப் பிறகு ஈடுகட்டவே முடியவில்லை. ராவ்டன் புதிய படையுடன் வந்துவிட ஜூனில் முற்றுகை கைவிடப்பட்டது. அந்தக் கோட்டையையும் சில வாரத்தில் பிரிட்டிஷாரே விட்டுவிட்டுப் போனார்கள்.

அவருடைய ஆள் மேலாண்மையும் பேசத்தக்கது. மேரியனும், அவரைப் போன்ற இன்னோர் ஊர்ப்படைத் தலைவரான சம்ட்டரும் கிரீனிடம் சம்பளம் வாங்கியவர்கள் இல்லை. குதிரைகள் கேட்டு வந்த தகராறில் மேரியன் விலகப்போவதாகவே எழுதினார். கிரீன் பொறுமையாக எழுதி அவரைத் தக்கவைத்தார். கோடையில் படையைச் சான்டீ மேட்டு நிலத்துக்கு ஏற்றி, சதுப்புக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றினார். செப்டம்பர் 8 அன்று யூடா ஸ்பிரிங்ஸில் கைக்கு வந்த வெற்றி, பசித்த வீரர்கள் பிரிட்டிஷ் முகாமில் உணவையும் ரம்மையும் கண்டு கலைந்ததால் நழுவியது. அதற்குப் பிறகும் பிரிட்டிஷார் சார்ல்ஸ்டன் வட்டாரத்துக்குள்ளேயே ஒடுங்கினார்கள். அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் காரன்வாலிஸின் வாளைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் அதிகாரி ஓ'ஹாரா, கில்ஃபோர்டில் காயம்பட்டவர். வாங்கிக்கொண்டவர் சார்ல்ஸ்டனில் சரணடைந்த லிங்கன்.

தமிழ் வாசகருக்குக் காரன்வாலிஸ் அறிமுகமானவர். 1791 மே மாதம் சீரங்கப்பட்டணத்து வாசல்வரை போய், தீனியின்றி மாடுகள் செத்து விழ, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். அடுத்த முறை அவர் அவசரப்படவில்லை. ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்துக் கீழ்நாட்டிலிருந்து தானியம் ஏறிவரும் கணவாய்ப் பாதையைத் திறந்தார். பஞ்சாரா வணிகரின் பொதிமாடுகளை நிறையச் சேர்த்தார். அடுத்த பிப்ரவரியில் மறுபடி வந்தபோது திப்பு பாதி நாட்டைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்கு வந்தது அப்படித்தான். ராம்சர் மில்லில் வண்டி எரித்தவரும் இவரும் ஒரே மனிதர் என்பதை நம் வரலாற்று ஆசிரியர்கள் வகுப்பில் சேர்த்துச் சொல்லலாம்.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நிறைவை ஒட்டிச் சிறப்புப் பக்கம் வெளியிட்டால், வாஷிங்டன் படத்துக்குப் பக்கத்தில் கரோலினாக்களின் ஆற்று வரைபடம் ஒன்றையும் அச்சிடுங்கள். கட்டாவ்பா, யாட்கின், டான் மூன்றும் அதில் தெளிவாகத் தெரியட்டும். கேரிங்டன் படகு சேர்த்து வைத்திருந்த துறைகளை ஒரு புள்ளியிட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
போர் வரலாறு படிக்கும் வாசகர் ஒருவர்,
திருச்சி